பிற

கட்டட நிலை ஆய்வுப் படிவத்தில்
வீட்டின் வகைக்கு நான்கு கட்டங்கள்:
செங்கல், கான்கிரீட், ஓடு அல்லது தகரம், பிற.
சுரங்க ரயில் போகவிருக்கும் வழியில்
முப்பத்தாறு வீடுகளுக்குள் நுழைந்து வந்தாயிற்று.
'பிற'வில் இதுவரை பேனா பட்டதில்லை.

ஜமாலியா தாண்டி
பிரியாணிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே நிற்கிறது.
வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள்
குறுக்கிலும் நெடுக்கிலும் சாய்விலும்.
மாடி மட்டும் ஒன்றரை அடி
தெருவுக்குள் துருத்துகிறது,
இருபத்தொன்பது சி-யில் படியில் தொங்குகிறவன் போல.

டிரைவர் ஹெக்டர் பின்டோ
காலண்டரில் பார்த்த இங்கிலீஷ் கிராமத்து வீட்டை
அப்படியே கேட்டானாம்.
அவன் ஓட்டிய ரயில் ஜோலார்பேட்டையோடு திரும்பிவிடும்.
கூரை செங்குத்தாக இறங்குவது
பனி வழுக்கி விழுவதற்காக.
வாடை அடிக்கும் மாதங்களில்
எண்ணூர்ச் சாம்பல் வருகிறது.
அதுவும் வழுக்கத்தான் செய்கிறது.

சும்மா ஒட்டு வேலை என்று
வண்டிச் சாவியால் சட்டத்தைத் தட்டினேன்.
சத்தம் புழக்கடை வரைக்கும் போய்
சாவகாசமாகத் திரும்பி வந்தது.
பாரமெல்லாம் மரத்தின் மேல்.
இடையில் இருக்கும் செங்கல்
டிக்கெட் எடுக்காத பயணி.

கீழே தில்ஷாத்தின் பியூட்டி பார்லர்.
ஒருத்தி கண்ணை மூடிப் புருவம் நீட்டிக் கிடக்க,
நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்:
"இன்னா மேடம், இடிக்கப் போறீங்களா?"

பரணில் டார்ச் அடித்தால்
மூட்டுக்கு மூட்டு உளியில் வெட்டிய எழுத்து.
தூணில் க, உத்தரத்தில் க.
அடுத்த தூணில் உ, எதிரே உ.
கதிர்வேலு, உண்ணாமலை என்று
ஒரு காதலைக் கட்டிக்கொண்டே போனேன்.
மூன்றாவதில் ங.
ங-வில் எவனுக்கும் பேர் கிடையாது.

ஒன்று. இரண்டு. மூன்று.
வரைபடம் இங்கிலீஷில் வந்திருக்கும்,
எண்ணியது தமிழில்.
பெட்டி பூட்டும் ஒர்க்ஸ் ஆசாரியின் கை:
தரையில் கோத்து, எண் வெட்டிப் பிரித்து,
மேலே ஏற்றி மறுபடி கோத்தது.
மருந்துக்கும் இரும்பாணி இல்லை.
ஏழாம் கழுந்து மட்டும் எட்டாம் துளையில்,
எட்டு ஏழில்.
அன்று சம்பள நாளாக இருக்கலாம்.

விதிப்படி அந்த மூட்டின் மேல்
கண்ணாடிச் சில்லு ஒட்டிவிட்டு வந்தேன்.
வீடு அசைந்தால் சில்லு உடையும்.
உடைந்தால் சிவப்பு மை.

மண்ணுக்கடியில் இயந்திரம் ஊர்ந்த மறுநாள்
எதிர்வீட்டுக் கான்கிரீட் படியோரம்
ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் விரிசல்.
இங்கே பரணில்
கண்ணாடி இரண்டு துண்டாகக் கிடந்தது.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"ராவெல்லாம் பழைய கட்டிலாட்டம் முனகிச்சு மேடம்.
என் ஆளுயரக் கண்ணாடி லேசா சாஞ்சுது.
காலைல பாத்தா நேரா நிக்கிது.
ஒடைஞ்சது உங்க கண்ணாடி தான்."

பென்சில் கோடுகளை அளந்தேன்.
ஒரு நூல் போயிருக்கிறது,
ஒரு நூல் திரும்பியிருக்கிறது.
இடம் மாறிய ஏழும் எட்டும்கூட
அதே கணக்கில்.

படிவத்தில் அசைவுக்கு
ஆம், இல்லை இரண்டே கட்டம்.
போய்த் திரும்பியதற்கு ஒன்றும் இல்லை.
'பிற'வில் மட்டும் டிக் அடித்து
மூடி வைத்தேன்.

வாசலுக்கு வந்தபோது தூறல் பிடித்தது.
பிரியாணிப் பொட்டலத்தோடு நாலு பேர்
ஓடி வந்து
துருத்திய மாடியின் கீழே ஒதுங்கினார்கள்,
என்னோடு ஐந்து.
ஒன்றரை அடிதானே,
செருப்பு நனைந்தது.